நாற்பத்தொன்றாம் தொகுதி, எண்பத்தெட்டாம் பக்கம்

ஜெமிமா அந்தச் சனிக்கிழமை சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ் ஏறியது ஒரே ஒரு கையெழுத்துக்காக. ஆறு வருஷமாகப் பகுதி நேரமாகச் செய்துவந்த ஆராய்ச்சியை டிசம்பர் முடிவதற்குள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன், அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்களில் இரண்டு கட்டுரைகள் வந்திருக்க வேண்டும். வந்தது உண்மைதான் என்று பல்கலைக்கழக நூலகம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். முதல் கட்டுரை போன வருஷமே வந்துவிட்டது. இரண்டாவது ஆகஸ்ட் மாதம் வந்தது. இரண்டையும் பிரதி எடுத்து ஃபைலில் போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு நாற்பது வயது. சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் பன்னிரண்டு வருஷமாக விலங்கியல் பாடம் எடுக்கிறாள். இன்னும் தற்காலிக வேலைதான். ஆராய்ச்சிப் பட்டத்துக்கான ஏடு உள்ளே போய்விட்டால் ஜூன் மாதம் நிரந்தரம் செய்வதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. அவள் ஆராய்ந்தது ஏரி நத்தைகளை. சித்தூரைச் சுற்றிப் பதினொரு ஏரிகளில், மூன்று வருஷம், கரைச் சேற்றைச் சல்லடையில் அள்ளி அலசி ஒவ்வொன்றாக எண்ணியிருந்தாள். கணவன் ஸ்டான்லி ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறான். வாரம் முழுக்க அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஞாயிறு ஆராதனைக்கு வந்து சேருவான். சில ஞாயிறுகளில் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அவளோடு சேற்றில் இறங்கியும் இருக்கிறான்.

இரண்டாவது கட்டுரை நரிகுண்ட ஏரியைப் பற்றியது. அங்கே வாழும் ஐந்து வகை நத்தைகளை விவரித்து, இந்தப் பகுதியிலிருந்து இதுவே முதல் பதிவு என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தாள். நன்னீர் உயிரியல் சங்கம் என்ற ஒரு பழைய சங்கம் நடத்தும் காலாண்டிதழில் அது வந்தது. அந்த இதழின் இணைய முகவரியைத் துறைத் தலைவர் ரமணா சார்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவருடைய கட்டுரைகளே நான்கு அதில் வந்திருந்தன. ஜெமிமா அனுப்பிய நான்காம் நாள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. வெளியீட்டுக் கட்டணம் என்று ஆறாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள், கட்டினாள். அடுத்த வாரமே கட்டுரை இணையத்தில் ஏறிவிட்டது. கோயிலில் அறிவிப்பு நேரத்தில் போதகர் அவள் பெயரைச் சொன்னார். அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா ஞானசிங், கட்டுரையின் முதல் பக்கத்தை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டினார். அதில் ஒரு வரிகூட அவருக்குப் புரியாது. ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

நூலகத்தில் ஆய்விதழ்ப் பிரிவு முதல் மாடியில் இருந்தது. அங்கே இருந்தவன் சம்பத் என்ற முப்பது வயதுக்காரன். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன், இந்த வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஜெமிமா தமிழ் பேசியதும் அவனுக்கு முகம் மலர்ந்தது. முதல் கட்டுரையைப் பார்த்தான், கணினியில் சரிபார்த்தான், கையெழுத்துப் போட்டான். இரண்டாவதைக் கையில் எடுத்ததும், இது அச்சிலேயே நம்மிடம் வருகிறதே என்று சொல்லி உள்ளே போனான். பச்சை அட்டை போட்ட மெல்லிய இதழ் ஒன்றோடு திரும்பி வந்தான்.

"நாற்பத்தொண்ணாம் தொகுதி, ரெண்டாவது இதழ். இதானே மேடம்?"

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் கட்டுரையை அச்சில் அவள் பார்த்ததே இல்லை. வாங்கி எண்பத்தெட்டாம் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே வயல் நண்டு பற்றிய ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தி இருந்தது. அடுத்த பக்கத்தில் தவளை. பொருளடக்கத்தைப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை, விரலை வைத்துக்கொண்டு மறுமுறை. அவள் பெயர் இல்லை.

இணையத்தில் வருவது வேறு, அச்சில் வருவது வேறாக இருக்குமோ என்று கேட்டாள். சம்பத் அவளுடைய பிரதியின் அடியில் இருந்த இணைய முகவரியைத் தட்டினான். பிறகு பச்சை இதழின் பின்னட்டையில் இருந்த முகவரியையும் தட்டினான். இரண்டு பக்கங்களையும் திரையில் அருகருகே வைத்து, திரையை அவள் பக்கம் திருப்பினான். ஒன்று பளபளவென்று இருந்தது, படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மற்றது சாம்பல் நிறத்தில், இருபது வருஷத்துக்கு முன் யாரோ செய்து வைத்துவிட்டு மறந்தது போல இருந்தது. இரண்டிலும் ஒரே இதழ்ப் பெயர். ஒவ்வோர் ஆய்விதழுக்கும் உலகத்தில் தனியாகத் தருகிற எட்டு இலக்க எண்ணும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது.

"பேரு ஒண்ணு, நம்பர் ஒண்ணு. ஆளுதான் வேற, மேடம்," என்றான் சம்பத். "இந்தச் சாம்பல் கலர்ல இருக்குதே, அதான் சங்கத்தோடது. நீங்க அனுப்பினது போலி."

அங்கீகரித்த இதழ்களின் பட்டியலில் பெயரும் எண்ணும் மட்டும்தான் இருக்கும் என்று அவன் விளக்கினான். அந்த இரண்டையும் எவன் எடுத்து ஒட்டிக்கொண்டாலும் பார்க்கிறவர்களுக்கு அசல் மாதிரியே தெரியும். பின்னட்டையில் சிறிய எழுத்தில் இருந்த அறிவிப்பைக் காட்டினான். சங்கம் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை, சங்கத்தின் பெயரில் இயங்கும் வேறு தளத்துக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அதில் போட்டிருந்தது. ஜெமிமா அதை மூன்று முறை படித்தாள்.

இதற்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்பதை அவன் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். இதே தளத்துக் கட்டுரையோடு இந்த வருஷம் இன்னும் மூன்று பேர் வந்தார்களாம். விஷயம் தெரிந்ததும் ஃபைலை எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவே இல்லையாம். அவள் எழுந்தபோது சங்கத்தின் இணைய முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தான். முதல் தொகுதியிலிருந்து எல்லா இதழ்களும் அங்கே இலவசமாக இருக்கின்றன, கடைசி இரண்டு வருஷம் மட்டும் உறுப்பினர்களுக்கு என்றான்.

"ஆனா தேடுற பெட்டியில பேரைப் போட்டா ஒண்ணும் வராது. பழசெல்லாம் படம் புடிச்ச மாதிரி ஏத்தி வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டருக்கு அதுல எழுத்தே தெரியாது. நாமதான் ஒவ்வொரு இதழா தொறந்து பாத்துக்கினு போவணும்."

திரும்பும் பஸ்ஸில், சந்திரகிரி தாண்டியதும், செல்பேசியில் அந்தப் பளபளப்பான தளத்தைத் திறந்தாள். தன் கட்டுரைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறதென்று முதல் தடவையாகப் பார்த்தாள். சிமெண்ட் கலவையின் உறுதி. வாழைக்காய் விற்பனையில் இடைத்தரகர்கள். இதய அறுவைக்குப் பிந்தைய மன அழுத்தம். நன்னீர் உயிரியல் இதழில் இதெல்லாம் எப்படி வரும்? ஆகஸ்ட் மாதத்திலிருந்து இந்தத் தளத்தை ஐம்பது தடவையாவது திறந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் தன் பெயர் இருந்த பக்கத்துக்கு நேராகப் போய் அதை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறாள். ஏமாற்றியவன்மேல் வந்த கோபத்தைவிட அந்த நினைப்புதான் அவளை அதிகம் குடைந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, நைனா படுக்கப் போனபின் அவள் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். ஸ்டான்லியிடம் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அசல் இதழ் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசைதான் அவளுக்கு முதலில் இருந்தது. ஒவ்வோர் இதழும் திறக்க ஒரு நிமிஷம் எடுத்தது. மஞ்சளாகிப்போன தாள்கள், கையால் வரைந்த படங்கள், தட்டச்சில் விட்டுப்போன எழுத்தைப் பேனாவால் சேர்த்த இடங்கள். கோதாவரிக் கழிமுகத்து மட்டிகள், பழவேற்காட்டு இறால் குஞ்சுகள், யாரோ ஒருவர் சூளூர்பேட்டைக்குப் பக்கத்தில் எண்ணிய நாரைகள். சலிப்பே வரவில்லை. இரண்டாவது தொகுதியைத் தாண்டி மூன்றாவதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷத்து இதழில், நான்கே பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. சித்தூர் மாவட்டம், நரிகுண்ட ஏரியின் நத்தைகள்.

எழுதியவர்கள் இருவர், இருவர் பெயரையும் அவள் கேள்விப்பட்டதில்லை. எந்த மதகுக்குப் பக்கம், எவ்வளவு ஆழத்தில், எந்த மாதம் எத்தனை என்று முழுப் பக்கத்துக்கு ஓர் அட்டவணை. ஒன்பது வகை நத்தைகள். முதல் பதிவு என்று அவள் போட்டுக்கொண்டது முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பே வேறொருவர் செய்து முடித்த வேலை. அந்தப் போலித் தளத்தில் கட்டுரையை ஏற்கும் முன் யாரும் படித்திருக்கமாட்டார்கள் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

வெட்கம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடங்கியதும் கண் மறுபடி அட்டவணைக்குப் போனது. ஒன்பதில் ஐந்து அவளுக்குத் தெரிந்தவை. மிச்சம் நான்கு பெயர்களை அவள் அந்த ஏரியில் எந்த வருஷமும் எழுதிக்கொண்டதில்லை. அவை எங்கே போயின?

அப்போதுதான் ஸ்டான்லியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். திருப்பதியில் நடந்தது, பஸ்ஸில் பார்த்தது, இப்போது கண்டது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு, இதை யார் யாருக்குச் சொல்லப் போகிறாய் என்று கேட்டான்.

"ரமணா சார்கிட்ட சொல்லணும். அவுரு பேப்பரும் நாலு அதுலதான் கீது. அவுருக்கும் தெரியாம இருக்கும், பாவம்," என்றாள் ஜெமிமா.

திங்கட்கிழமை மூன்றாம் பீரியட் முடிந்ததும் ரமணா சாரின் அறைக்குப் போனாள். வேலை கேட்டு வந்த முதல் நாளில் அவளுக்காக நிர்வாகத்திடம் பேசியவர் அவர். துறையின் நல்ல நுண்ணோக்கியை அவள் வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதித்தவரும் அவர்தான். ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. இருவரும் எப்போதும் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர் தேநீர்க் கோப்பையைச் சாஸரில் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே வரவில்லை. பாதி சொல்லும்போதே ஜெமிமாவுக்கு அது உறைத்துவிட்டது. மீதியைச் சொல்லாமல் நிறுத்தினாள்.

எனக்கு அந்த முகவரியை எழுதிக் கொடுத்தபோது உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டாள்.

"தெலுசு," என்றார் அவர்.

தெரியும். தன் மூன்றாவது கட்டுரை வந்தபின் தெரிந்துகொண்டாராம். அதற்குள் அந்தக் கட்டுரைகளைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியாகிவிட்டது. நான்காவதையும் அங்கேயே போட்டுவிட்டார். நிதானமாகத்தான் பேசினார். அசல் இதழுக்கு அனுப்பினால் ஒரு வருஷம் ஆகும், உனக்கு டிசம்பர் கெடு, உனக்கு நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தேன் என்றார். நூலகத்தில் வேறு ஆள் இருக்கும் நாளாகப் பார்த்துப் போ, யாரும் அச்சுப் பிரதியை எடுத்துப் பார்ப்பதில்லை என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். அசலில் வந்தால் மட்டும் யார் படிக்கப் போகிறார்கள், பெயரும் எண்ணும் பட்டியலில் இருந்தால் போதாதா?

"எண்பத்தாறுல வந்ததை நான் நேத்து படிச்சேன் சார்," என்றாள் ஜெமிமா. தெலுங்கில் ஆரம்பித்து, தன்னையறியாமல் தமிழில் முடித்தாள். அவர் கோப்பையைத் திருப்புவதை நிறுத்தினார். அவள் எழுந்து வகுப்புக்குப் போனாள்.

அன்று மாலையே சங்கத்தின் இணையப் பக்கத்தில் இருந்த முகவரிக்கு எழுதினாள். பதினொரு நாள் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் மைசூரிலிருந்து இதழின் ஆசிரியரே பேசினார். ஜமீலா என்று பெயர். வாணியம்பாடியில் பிறந்து மைசூரில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். சங்கத்துக்கு அலுவலகம் என்று ஒன்றும் கிடையாதாம். அவர் வீட்டு முன்னறையும் இன்னொரு பேராசிரியரின் வீட்டு அலமாரியும்தான் அலுவலகம். பழைய இதழ்களை விடுமுறைகளில் இருவருமாக ஒவ்வொரு தாளாக வைத்துப் படம்பிடித்து ஏற்றினார்களாம். மூன்று வருஷமாக அந்தப் போலித் தளத்தை மூடவைக்கப் பார்க்கிறார்கள். ஏமாந்தவர் யாராவது ரசீதோடு எழுத்தில் புகார் கொடுத்தால்தான் காவல்துறை மேலே நகரும்.

"எழுபத்திரண்டு பேர் எனக்கு எழுதியிருக்காங்க," என்றார் ஜமீலா. "ஒருத்தர்கூடக் கையெழுத்துப் போடலை. நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். உங்க பேர் வெளியில வரும்மா, அதை யோசிச்சிட்டுச் சொல்லுங்க."

கட்டுரையை உங்கள் இதழுக்கு அனுப்பலாமா என்று ஜெமிமா கேட்டாள். எல்லோரையும் போல அனுப்புங்கள், முன்பு அந்தத் தளத்தில் வந்தது என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள், எண்பத்தாறு குறிப்பைப் பார்த்தபின் அது அதே கட்டுரையாக இருக்காதே என்றார் ஜமீலா. சலுகை எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. ஜெமிமாவுக்கு அது பிடித்திருந்தது.

ஜெமிமா எழுதிவைத்த புகார்த் தாள், கையெழுத்தில்லாமல், ஒன்பது நாள் அவள் கைப்பையில் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் டிசம்பர் கெடு போகும், ஜூன் மாத வேலை போகும். கல்லூரியில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். போடாவிட்டால் ரமணா சார் சொன்ன வழி இன்னும் திறந்திருந்தது, அதுவும் வேண்டாமென்றால் கட்டுரையை மட்டும் சத்தமில்லாமல் விலக்கிக்கொள்ளலாம். ஸ்டான்லியிடம் தொலைபேசியில் கேட்டாள்.

"எங்க லைன்ல ஒரு பீஸு தப்பா போச்சின்னா, அந்த லாட்டு மொத்தமும் நிறுத்துவோம். நிறுத்தினவன் மேலதான் எல்லாருக்கும் கோவம் வரும்," என்றான். "அதுக்காவ நீ போட்டே ஆவணும்னு சொல்லலை ஜெமி. கோவம் வரும்னு தெரிஞ்சிக்கினு போடு, அவ்ளோதான்."

பத்தாம் நாள் கல்லூரி அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியது. துறை ஆசிரியர்கள் வெளியிட்ட கட்டுரைகளை அட்டவணையாகத் தட்டச்சு செய்து தர வேண்டும். வழக்கம்போல அந்த வேலை ஜெமிமாவிடம் வந்தது. ரமணா சாரின் நான்கு கட்டுரைகளையும் அவர் கொடுத்தபடி ஏற்றினாள். அது அவர் பாடு. அடுத்த வரிசையில் தன் பெயரைத் தட்டினாள். கட்டுரைத் தலைப்புக்கான கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. முதல் பதிவு என்ற அந்த இரண்டு சொற்களை அவளால் தட்டச்சு செய்ய முடியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுப் படிவத்தை அனுப்பினாள். பிறகு கைப்பையைத் திறந்து புகாரில் கையெழுத்துப் போட்டாள். அதில் தன் கட்டுரையைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தாள்.

வீட்டில் நைனாவுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் முக்காலி போட்டு ஏறி, லேமினேட் செய்ததைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்த மாதிரிதான் நடந்தது. திருப்பதியில் வழிகாட்டிப் பேராசிரியர் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, இரண்டு வருஷம் கெடு நீட்டிக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ஜூன் மாதம் நிரந்தர வேலை வணிகவியல் துறையின் உதயாவுக்குப் போனது. புகாரோடு சங்கம் அந்தத் தளத்தின் முழுப் பட்டியலையும் இணைத்திருந்ததால் ரமணா சாரின் பெயரும் வெளியே வந்தது. நிர்வாகம் அவரிடம் விளக்கம் கேட்டது. அவர் என்ன எழுதிக் கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. ஜெமிமாவிடம் வேலை விஷயம் தவிர வேறு பேச்சை நிறுத்திக்கொண்டார். அவள்தான் பட்டியலைக் கொடுத்தாள் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் போய் விளக்கவும் இல்லை. அவர் அறையைக் கடக்கும்போதெல்லாம் நடையை வேகப்படுத்தினாள்.

மழை முடிந்ததும் ஞாயிறுகளில் நரிகுண்ட ஏரிக்குப் போனார்கள், அவளும் ஸ்டான்லியும். இம்முறை எண்பத்தாறு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இருவர் நின்ற அதே இடங்களில் சல்லடை போட்டார்கள். வடக்கு மதகு மண்மூடிப் போயிருந்தது. அங்கே ஒரு செம்மறிக்காரி, சென்னம்மா என்று பெயர், பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று காட்டினாள். அந்த வாய்க்காலின் பாசியில், காணாமல் போன நான்கில் இரண்டு கிடைத்தன. மிச்சம் இரண்டு எத்தனை முறை போயும் கிடைக்கவில்லை. முதல் பதிவு என்ற சொல் தலைப்பிலிருந்து போனது. ஒன்பது ஏழானது எப்படி என்பதுதான் கட்டுரை.

ஜமீலா அதைத் துறை தெரிந்த இருவரிடம் படிக்கக் கொடுத்தார். அவர்கள் பதினாறு கேள்வி கேட்டார்கள். பதில் எழுதினாள், மறுபடி ஐந்து கேட்டார்கள். ஒரு வரி தப்பு என்றார்கள், அது தப்புதான். பதினான்கு மாதம் கழித்து, நாற்பத்துமூன்றாம் தொகுதியில், ஆறு பக்கத்தில் வந்தது. சம்பத் கையெழுத்துப் போட்டான். ஆய்வேடு உள்ளே போனது. நிரந்தர வேலைக்கு இன்னும் காத்திருக்கிறாள்.

ரமணா சாரின் பிரிவு உபசாரம் அதற்கு அடுத்த மாதம் நடந்தது. ஜெமிமா மற்றவர்களோடு வரிசையில் போய்ச் சால்வை போட்டாள். அவர் கும்பிட்டுவிட்டு, தாழ்ந்த குரலில், எண்பத்தாறு அட்டவணையில் மிஞ்சிய அந்த நான்கில் எத்தனை கிடைத்தது என்று தெலுங்கில் கேட்டார். இரண்டு என்றாள். தலையை ஆட்டினார். பின்னால் நின்றவர்கள் நெருக்கியதால் அவள் நகர வேண்டியிருந்தது.

போலித் தளம் மூடப்பட்டது. இரண்டு மாதத்தில் வேறு முகவரியில் மறுபடி வந்தது. அந்தத் தளத்தைப் பற்றிச் சந்தேகப்பட்டுச் சங்கத்துக்கு எழுதுகிறவர்களுக்கு ஜமீலா இப்போது ஜெமிமாவின் செல்பேசி எண்ணையும் தருகிறார். அதற்கு ஜெமிமாதான் சம்மதம் சொன்னாள். போன வாரம் சூளூர்பேட்டையிலிருந்து வள்ளி என்ற கல்லூரி ஆசிரியை பேசினாள். கட்டுரை வந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம், வீட்டில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தாகிவிட்டதாம். ஜெமிமா கேட்டதற்கெல்லாம் வள்ளி ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். எத்தனை நாளில் ஏற்றுக்கொண்டார்கள், யாராவது ஏதாவது திருத்தச் சொன்னார்களா, அதே இதழில் வேறென்ன கட்டுரைகள் இருக்கின்றன. கடைசிக் கேள்விக்கு வள்ளி திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் இரண்டு தலைப்புகளைப் படித்தாள். மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஜெமிமா செல்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று காத்திருந்தாள்.